பாய்மப் படுகை பாய்லரில் நாக்ஸைக் குறைப்பது: எரிபொருள் முதல் புகைபோக்கி வரை

அடியிலிருந்து ஊதும் காற்றில் சூடான மணல் திரவம்போலக் கொதித்துக்கொண்டிருக்க, அதற்குள் எரிபொருளை எரிப்பது பாய்மப் படுகை பாய்லர். அதன் புகையில் வரும் நைட்ரஜன் ஆக்சைடு மாசைத்தான் நாக்ஸ் என்கிறோம். இந்த பாய்லரை வாங்கும்போது எல்லோர் காதிலும் விழும் பேச்சு ஒன்று உண்டு: "இதில் படுகை வெப்பம் 850 டிகிரிதான், நாக்ஸ் பற்றிக் கவலையே வேண்டாம்." ஓட்டிப் பார்த்தால் புகைபோக்கிக் கருவி கன மீட்டருக்கு 250, 300 மில்லிகிராம் என்று காட்டுகிறது. அந்தப் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. காற்றிலுள்ள நைட்ரஜனே நாக்ஸாக மாறும் வழியை 1946-இல் சோவியத் விஞ்ஞானி ஸெல்டோவிச் விளக்கினார். அந்த வினை கணிசமாக நடக்க 1,300, 1,400 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். 850-இல் அதைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டியதில்லை. ஆனால் எரிபொருளுக்குள்ளும் நைட்ரஜன் இருக்கிறது. பாய்மப் படுகையிலிருந்து வரும் நாக்ஸ் ஏறக்குறைய முழுவதும் அதிலிருந்து வருவதுதான். படுகையை இன்னும் குளிர்வித்து அதை நிறுத்திவிட முடியாது.

ஆறுதலான செய்தியும் உண்டு. உருவாகும் நாக்ஸில் பெரும்பகுதியைப் படுகையே அழித்துவிடுகிறது. கீழே வரும் ஒவ்வொரு படியும் அந்த வேலைக்கு இடைஞ்சல் செய்யாமல் இருப்பது எப்படி, கொஞ்சம் கைகொடுப்பது எப்படி என்பதைப் பற்றியது. நாக்ஸை அழிக்கும் மருந்தை (அம்மோனியா அல்லது யூரியா) தெளிப்பது கடைசியில்தான் வரும். முதலிலேயே யூரியாப் பம்பை வாங்கிவிடாதீர்கள்.

படி 1: கருவி காட்டும் எண்ணைச் சரியாக வாசியுங்கள்

நாக்ஸ் என்பது நைட்ரிக் ஆக்சைடும் நைட்ரஜன் டை ஆக்சைடும் சேர்ந்தது. படுகையிலிருந்து வருவதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நைட்ரிக் ஆக்சைடுதான். இருந்தாலும் அறிக்கையில் முழுவதையும் டை ஆக்சைடின் எடையாகவே எழுதுகிறோம். அதனால் ஒரு பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) என்றால் இயல்நிலைக் கன மீட்டருக்கு 2.05 மில்லிகிராம் (டை ஆக்சைடின் மூலக்கூறு எடை 46-ஐ, ஒரு மோல் வாயுவின் கன அளவான 22.4 லிட்டரால் வகுத்தது).

அடுத்தது ஆக்ஸிஜன் திருத்தம். காற்றை அதிகமாக விட்டால் புகை நீர்த்துப்போய் எண் குறைவாகத் தெரியும். அந்த ஏமாற்றைத் தவிர்க்க எல்லோரும் ஒரே ஆக்ஸிஜன் அளவுக்கு மாற்றிச் சொல்கிறார்கள். நிலக்கரிக்கு 6%, கழிவு எரிப்புக்கு 11% என்பது பல நாடுகளில் வழக்கம். சூத்திரம் எளிது: அளந்த எண்ணை 21-லிருந்து அடிப்படை ஆக்ஸிஜனைக் கழித்துக் கிடைப்பதால் பெருக்கி, 21-லிருந்து அளந்த ஆக்ஸிஜனைக் கழித்துக் கிடைப்பதால் வகுக்க வேண்டும்.

உலர்ந்த புகையில் 140 பிபிஎம், ஆக்ஸிஜன் 4.5% என்று வைத்துக்கொள்வோம். 140 × 2.05 = 287. இதை 15-ஆல் பெருக்கி 16.5-ஆல் வகுத்தால் 261 மில்லிகிராம். அதே 140 பிபிஎம், ஆக்ஸிஜன் 7.5% இருக்கும்போது வந்திருந்தால்? 319. கருவியில் ஒரே எண், உண்மையில் இரண்டு வேறு நிலைமைகள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நைட்ரஸ் ஆக்சைடு (நைட்ரிக் ஆக்சைடு அல்ல, இரண்டு நைட்ரஜனும் ஓர் ஆக்ஸிஜனும் சேர்ந்த வேறு வாயு) இந்த எண்ணில் சேராது. வழக்கமான நாக்ஸ் கருவியின் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. பாய்மப் படுகையில் அது முக்கியமான வாயு. படி 5-இல் அதைப் பார்ப்போம்.

படி 2: எவ்வளவு வந்திருக்கலாம் என்று கணக்குப் போடுங்கள்

பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

ஒரு கிலோ நிலக்கரியில் 1.5% நைட்ரஜன் என்றால் 15 கிராம். அது முழுவதும் நாக்ஸாக மாறினால், 15 × 46 ÷ 14 (நைட்ரஜனின் அணு எடை 14), அதாவது 49 கிராம். கிலோவுக்கு 25 மெகாஜூல் வெப்பம் தரும் பிட்டுமினஸ் நிலக்கரி எரிந்தால், 6% ஆக்ஸிஜனில் சுமார் 9 கன மீட்டர் உலர்புகை வரும். 49 கிராமை 9 கன மீட்டரில் பரப்பினால் ஏறத்தாழ 5,400 மில்லிகிராம். நாம் அளந்தது 261. நைட்ரஜனில் நூற்றுக்கு ஐந்து பங்குதான் நாக்ஸாக வெளியே போயிருக்கிறது. மிச்சத்தில் பெரும்பங்கு தீங்கில்லாத நைட்ரஜன் வாயுவாகவும், ஒரு சிறு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாகவும் மாறியிருக்கிறது.

இந்தக் கணக்கை முதன்முதலில் போடும்போது எனக்கே நம்ப முடியவில்லை. வெளியிலிருந்து எந்த மருந்தும் போடாமலே 95 பங்கு சரியாகிவிட்டது. நாம் பாடுபடுவது அந்த ஐந்தை மூன்றாகவோ இரண்டாகவோ ஆக்குவதற்குத்தான். அந்த ஐந்து எட்டாக ஏறினால் நாக்ஸ் 430-ஐத் தொட்டுவிடும். படுகையில் சிறிய கோளாறு வந்தாலும் எண் ஏன் இவ்வளவு தாவுகிறது என்பதற்கும் காரணம் இதுதான்.

எரிபொருளில் நைட்ரஜன் இரு மடங்கானால் நாக்ஸும் இரு மடங்காகும் என்று நினைக்க வேண்டாம். மரத்தில் நைட்ரஜன் மிகக் குறைவு, பெரும்பாலும் 0.5 சதவீதத்துக்குக் கீழே. ஆனால் அதில் நாக்ஸாக மாறும் பங்கு அதிகம். கழிவுநீர்க் கசட்டில் உலர் எடையில் பல சதவீதம் நைட்ரஜன் இருக்கும், மாறும் பங்கோ மிகச் சிறியது. ஏன் என்பது அடுத்த படியில்.

படி 3: படுகைக்குள் நடப்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

எரிபொருள் துண்டு சூடான மணலில் விழுந்ததும் முதலில் ஈரம் போகிறது. அப்புறம் ஆவிப்பகுதி பிரிகிறது. கடைசியில் கரி மிஞ்சுகிறது. நைட்ரஜனும் இப்படியே இரண்டாகப் பிரிகிறது: ஒரு பங்கு ஆவியோடு போகிறது, மறுபங்கு கரிக்குள் தங்குகிறது.

ஆவியோடு போவது முக்கியமாக அம்மோனியாவாகவும் ஹைட்ரஜன் சயனைடாகவும் போகிறது. மரம், கசடு, பழுப்பு நிலக்கரி போன்றவற்றில் அம்மோனியா மேலோங்கும். பிட்டுமினஸ் நிலக்கரியில் சயனைடு மேலோங்கும். இந்த ஒரு வேறுபாடு பின்னால் வரும் பலவற்றைத் தீர்மானிக்கிறது.

அம்மோனியாவுக்கு முன்னால் இரண்டு வழிகள். ஆக்ஸிஜன் தாராளமாகக் கிடைத்தால் நைட்ரிக் ஆக்சைடாகிவிடும். ஆக்ஸிஜன் குறைவாக இருந்து, பக்கத்தில் ஏற்கெனவே ஒரு நைட்ரிக் ஆக்சைடு மூலக்கூறு இருந்தால், இரண்டும் சேர்ந்து நைட்ரஜன் வாயுவும் நீராவியுமாக முடிந்துவிடும். கசட்டில் மாறும் பங்கு சிறியதாக இருப்பது இதனால்தான். அது தன் மருந்தைத் தானே சுமந்து வருகிறது. சயனைடு போகும் வழி வேறு. அதிலிருந்து வரும் இடைப்பொருள் நைட்ரிக் ஆக்சைடோடு சேர்ந்தால் நைட்ரஸ் ஆக்சைடு பிறக்கிறது.

கரிக்குள் தங்கிய நைட்ரஜன், கரி எரிய எரியக் கொஞ்சம் கொஞ்சமாக நைட்ரிக் ஆக்சைடாக வெளிவருகிறது. ஆனால் அது வெளியேறும் வழியெல்லாம் சூடான கரிப்பரப்பு. அதில் பட்டதும் ஆக்ஸிஜன் கரியோடு ஒட்டிக்கொள்ள, நைட்ரஜன் விடுபடுகிறது. கார்பன் மோனாக்சைடு உடனிருந்தால் வேலை இன்னும் வேகமாக நடக்கும். படுகையின் எடையில் கரி சில சதவீதம்தான், மற்றதெல்லாம் மணலும் சாம்பலும், கந்தகத்தைப் பிடிக்கப் போடும் சுண்ணாம்பும். அந்தச் சில சதவீதம்தான் நம் நாக்ஸைத் தின்கிறது. மரத்தில் கரி குறைவு, அதனால் தின்பதற்கும் ஆள் குறைவு.

பாய்மப் படுகையில் இரண்டு வகை உண்டு. வேகமான காற்றில் ஓடும் சுழற்சிப் படுகையில் இந்தக் கரி உலையின் முழு உயரத்துக்கும் பறந்து, சைக்ளோனில் (புகையைச் சுழற்றித் துகள்களைப் பிரிக்கும் கலம்) பிடிபட்டுத் திரும்ப வருகிறது. மெதுவான காற்றில் ஓடும் கொதிபடுகையில் பெரும்பாலும் அடியிலேயே கிடக்கிறது. ஒரே நிலக்கரிக்குச் சுழற்சிப் படுகையில் நாக்ஸ் குறைவாக வருவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

படி 4: ஆக்ஸிஜனைச் சீர்செய்யுங்கள்

கட்டுப்பாட்டறையில் எதையும் மாற்றுவதற்கு முன், புகைவழியின் குறுக்கே பல இடங்களில் ஆக்ஸிஜனை அளந்து பாருங்கள். இடது பக்கம் 2%, வலது பக்கம் 6%, சராசரி 4% என்று வந்தால் அந்தச் சராசரியால் பயனில்லை. இடது பக்கம் கார்பன் மோனாக்சைடைக் கக்கும், வலது பக்கம் நாக்ஸைக் கக்கும். ஓட்டுபவர் மோனாக்சைடு ஏறுவதைப் பார்த்துக் காற்றைக் கூட்டுவார், நாக்ஸ் இன்னும் ஏறும். நான் பார்த்தவரை நாக்ஸ் புகார்களில் நிறைய இங்கேதான் தொடங்குகின்றன. கோளாறு காற்றில் இல்லை, எரிபொருள் ஊட்டும் குழாய்களில். ஒரு ஃபீடர் அதிகமாகவும் மற்றொன்று குறைவாகவும் தள்ளிக்கொண்டிருக்கும். அதைச் சமப்படுத்துவது செலவே இல்லாத வேலை.

சமப்படுத்தியபின் மொத்தக் காற்றை அரை சதவீத ஆக்ஸிஜன் வீதம் இறக்குங்கள். ஒவ்வோர் இறக்கத்துக்கும் நாக்ஸ் குறைவதைப் பார்க்கலாம். ஓரிடத்தில் கார்பன் மோனாக்சைடு திடீரென்று மேலே பாயும். அதற்கு அரை சதவீதம் மேலே நின்றுகொள்ளுங்கள். நிலக்கரி எரிக்கும் சுழற்சிப் படுகையில் அது பெரும்பாலும் 3 முதல் 4 சதவீதத்தில் அமையும். கூடவே சாம்பலில் எரியாத கரி எவ்வளவு போகிறது என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

படி 5: வெப்பத்தைத் தொடும்முன் நைட்ரஸ் ஆக்சைடை நினையுங்கள்

இந்தப் படியில்தான் பலர் தவறு செய்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

படுகை வெப்பத்தை 880-லிருந்து 820-க்கு இறக்கினால் நைட்ரிக் ஆக்சைடு குறையும். கரி மெதுவாக எரிந்து படுகையில் அதிகம் சேரும், தின்பதற்கு ஆள் கூடும். கருவியில் எண் அழகாக இறங்கும். ஆனால் அதே நேரத்தில், அந்தக் கருவிக்குத் தெரியாத நைட்ரஸ் ஆக்சைடு ஏறிக்கொண்டிருக்கும். சூடு இருந்தால் அது தானாகவும், ஹைட்ரஜன் அணுக்களோடு வினைபுரிந்தும் சிதைந்துபோகும். சூடு குறைந்தால் சிதையாமல் தப்பிவிடும். பொடி நிலக்கரி எரிக்கும் உலைகளில் இது ஒரு பிரச்சினையே இல்லை, அங்கே சூடு அவ்வளவு அதிகம். பாய்மப் படுகையில்தான் இது தலைவலி.

எவ்வளவு தலைவலி? நூறு ஆண்டுக் கணக்கில் ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்சைடு 273 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமாகப் புவியைச் சூடாக்குகிறது. புகையில் 60 பிபிஎம் இருந்தால் கன மீட்டருக்கு 118 மில்லிகிராம். ஒரு கிலோ நிலக்கரியின் 9 கன மீட்டர் புகையில் ஒரு கிராமுக்குச் சற்று மேல். 273-ஆல் பெருக்கினால் 290 கிராம். அந்த நிலக்கரியிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடே சுமார் 2.4 கிலோதான். கண்ணுக்குத் தெரியாத ஒரு வாயு அதில் எட்டில் ஒரு பங்கைக் கூடுதலாகச் சேர்த்துவிடுகிறது. நாக்ஸ் விதியைக் காப்பாற்றுவதற்காக இதை ஏற்றிவிடுவது எனக்குச் சம்மதமில்லை. சட்டம் அளக்கச் சொல்லாத இடத்திலும் நாம் அளக்க வேண்டும்.

வெப்பத்தை 900-க்கு மேல் ஏற்றினால் நைட்ரஸ் ஆக்சைடு நன்றாக இறங்கும், ஆனால் சுண்ணாம்பு கந்தகத்தைப் பிடிக்கும் திறன் கெடும். அதற்கு 850-ஐ ஒட்டிய சூடுதான் பிடிக்கும். ஆக, பிட்டுமினஸ் நிலக்கரிக்கு 850 முதல் 880 வரை என்பது மூன்று வாயுக்களுக்கும் நடுவே ஓர் ஒப்பந்தம். மரமும் பழுப்பு நிலக்கரியும் எரிப்பவர்களுக்கு இந்த இக்கட்டு குறைவு. அங்கே சயனைடு குறைவாக இருப்பதால் நைட்ரஸ் ஆக்சைடும் குறைவு. அவர்கள் நைட்ரிக் ஆக்சைடையே கவனித்தால் போதும்.

அளப்பதற்கு அகச்சிவப்புக் கருவி வேண்டும். புகையைப் பையில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பாதீர்கள். நைட்ரிக் ஆக்சைடும் கந்தக டை ஆக்சைடும் ஈரமும் சேர்ந்து இருந்தால், பைக்குள்ளேயே புதிதாக நைட்ரஸ் ஆக்சைடு உருவாகும். 1988-இல் இது தெரியவந்தபோது அதற்கு முந்தைய அளவீடுகள் பலவற்றைச் சந்தேகிக்க வேண்டியதாகிவிட்டது. புகையை அங்கேயே உலர்த்தி, அங்கேயே அளந்துவிட வேண்டும்.

படி 6: காற்றைப் பிரித்துக் கொடுங்கள்

எல்லாக் காற்றையும் அடியிலிருந்து ஊதாமல், ஒரு பகுதியை மேலே செகண்டரி ஏராகக் கொடுப்பதுதான் இது. அடியில் ஆக்ஸிஜன் பற்றாக்குறை இருக்கும். அங்கே வெளிவரும் அம்மோனியா, படி 3-இல் சொன்ன இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்து நைட்ரஜன் வாயுவாக முடியும். மிச்சமிருக்கும் மோனாக்சைடும் ஆவிகளும் மேலே எரிந்து முடியும். பொதுவாக மொத்தக் காற்றில் 50 முதல் 70 சதவீதம் அடியில் போகும். ஆவிப்பகுதி அதிகமுள்ள எரிபொருளில் பலன் அதிகம்.

எல்லைகளும் உண்டு. அடிக்காற்று குறைந்தால் படுகை சரியாகக் கொதிக்காது. பெரிய துண்டுகள், அடியில் காற்றைப் பரப்பும் தட்டின்மேல் படிந்து, அங்கங்கே சூடேறி உருகிக் கட்டியாகும். பொட்டாசியம் நிறைந்த வைக்கோல், உமி, மட்டை வகைகளில் இது வேகமாக நடக்கும். அடிப்பகுதியில் பூச்சில்லாத இரும்புக் குழாய்கள் இருந்தால் ஆக்ஸிஜன் இல்லாத வாயு அவற்றை அரிக்கும். சுண்ணாம்பு பிடித்துவைத்த கந்தகமும் அந்தச் சூழலில் மறுபடி வெளியே போகும். எனவே 5 சதவீதம் 5 சதவீதமாக மாற்றி, கந்தக டை ஆக்சைடையும் காற்றுப்பெட்டி அழுத்தத்தையும் சேர்த்தே பாருங்கள். கொதிக்கப் போதுமான வேகம் வேண்டும், ஆனால் ஆக்ஸிஜன் வேண்டாம் என்றால் புகையில் ஒரு பகுதியைத் திருப்பி அடிக்காற்றோடு கலக்கலாம். செலவு ஒரு ஃபேனும் ஒரு குழாய்வழியும்.

இதற்கு நேர்மாறான ஒரு முறையை ஸ்வீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தில் உள்ள 12 மெகாவாட் சுழற்சிப் படுகையில் சோதித்திருக்கிறார்கள். அடியில் ஆக்ஸிஜனைப் பட்டினி போடாமல், உலை முழுவதிலும் ஏறக்குறைய சரியளவு காற்றையே வைத்து, மிச்சத்தை சைக்ளோனுக்குப் பிறகு கொடுத்தார்கள். கந்தகப் பிடிப்பு கெடாமல் நைட்ரஸ் ஆக்சைடு பெருமளவு குறைந்தது. புதிதாக வடிவமைப்பவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும்.

படி 7: சுண்ணாம்பை அளவோடு போடுங்கள்

சுண்ணாம்புக்கல் படுகையில் சுட்ட சுண்ணாம்பாகிறது. அதன் பரப்பு அம்மோனியாவை நைட்ரிக் ஆக்சைடாக மாற்றும் நல்ல வினையூக்கி. கந்தகத்தைப் பிடித்துப் பூசிக்கொண்டபின் அந்தக் குணம் மங்கிவிடும். ஆக, கந்தகத்துக்குத் தேவையானதைவிட அதிகமாகப் போட்டால் பயன்படாத சுண்ணாம்பு படுகையில் சுற்றிக்கொண்டு நாக்ஸை ஏற்றும். கால்சியம், கந்தக விகிதத்தை 2-க்கும் 3-க்கும் நடுவே வைத்து, கந்தக எண் விதிக்குள் வந்ததும் நிறுத்துங்கள். நைட்ரஸ் ஆக்சைடை இதே சுண்ணாம்பு குறைக்கிறது என்பது அதன் பக்கமிருக்கும் நியாயம்.

படி 8: இத்தனைக்குப் பிறகும் போதவில்லை என்றால் அம்மோனியா அல்லது யூரியா

850 முதல் 1,000 டிகிரி வரையிலான புகையில் அம்மோனியாவைத் தெளித்தால் அது நைட்ரிக் ஆக்சைடைத் தேடிப்பிடித்து அழிக்கும். சுழற்சிப் படுகைக்கு இது இயல்பாகப் பொருந்துகிறது. சைக்ளோனின் நுழைவழியில் சூடு சரியாக இருக்கும், உள்ளே சுழலும்போது நன்றாகக் கலக்கும், வினைக்கு வேண்டிய நேரமும் கிடைக்கும். 50 முதல் 70 சதவீதம் வரை குறைவதை எதிர்பார்க்கலாம். கொதிபடுகையில் உலையின் மேற்பகுதியில் தெளிக்க வேண்டியிருக்கும். அங்கே சூடு லோடுக்கேற்ப மாறுவதால் இரண்டு மூன்று மட்டங்களில் முனைகள் தேவை.

அளவு எப்படி? மணிக்கு 1,00,000 கன மீட்டர் புகை, 260 மில்லிகிராம் நாக்ஸ் என்றால் மணிக்கு 26 கிலோ. மோல் கணக்கில் 565. ஒரு மோல் நாக்ஸுக்கு ஒன்றரை மோல் என்று அம்மோனியா கொடுத்தால் 848 மோல். யூரியாவின் ஒரு மூலக்கூறு இரண்டு அம்மோனியா தரும் என்பதால் 424 மோல் யூரியா, அதாவது மணிக்குச் சுமார் 25 கிலோ. 40% கரைசலாக 64 கிலோ.

யூரியாவைக் கையாள்வது எளிது, ஆபத்து குறைவு. ஆனால் அதில் ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாக மாறும். படி 5-இல் கவலைப்பட்டதை இங்கே மறந்துவிடக் கூடாது. பாதுகாப்பு ஏற்பாடு செய்ய முடிந்தால் அம்மோனியா நீரையே தேர்ந்தெடுப்பேன்.

வினைபுரியாமல் தப்பும் அம்மோனியாதான் இங்கே எதிரி. குறைந்த லோடில் சைக்ளோன் சூடு 800-க்குக் கீழே போனால் தெளிப்பதில் பெரும்பகுதி அப்படியே வெளியேறும். கந்தக ட்ரை ஆக்சைடோடு சேர்ந்து பிசின்போல ஏர் ப்ரீஹீட்டரில் (புகையின் சூட்டால் காற்றைச் சூடாக்கும் பகுதி) ஒட்டும். குளோரின் இருந்தால் புகைபோக்கியில் வெள்ளைப் புகையாகத் தெரியும். சாம்பலை நனைத்தால் நெடியடிக்கும். தப்பும் அளவை 5 முதல் 10 பிபிஎம்முக்குள் வைக்கப் பாருங்கள். சூடு ஓர் எல்லைக்குக் கீழே போனால் பம்ப் தானாக நிற்கும்படி இணைத்துவிடுங்கள். 1,100-ஐ நெருங்கினால் நிலைமை தலைகீழ், அம்மோனியாவே எரிந்து நாக்ஸாகும்.

வினையூக்கி அறை வைப்பது இன்னொரு வழி. 300 முதல் 400 டிகிரியில் வேலை செய்யும், 80 சதவீதத்துக்கு மேலும் குறைக்கும். மரம், வைக்கோல் எரித்தால் பொட்டாசியம் அதை விஷம்போலக் கெடுத்துவிடும். தூசியைப் பிடித்தபின் வைக்க முடிந்தால் மட்டும் யோசிக்கலாம்.

படி 9: சோதனையைப் பொறுமையாக நடத்துங்கள்

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். லோடும் எரிபொருளும் அப்படியே இருக்கட்டும். காற்றை மாற்றினால் விளைவின் முதல் பகுதி சில நிமிடங்களில் தெரியும், ஆனால் படுகையில் கரியின் அளவு புதிய நிலைக்கு வர இன்னும் நேரமெடுக்கும். ஒரு மணி நேரமாவது பொறுத்திருந்து எண்ணை எழுதுங்கள். சுண்ணாம்பை மாற்றினால் ஒரு மணி நேரம் போதாது, பழைய சுண்ணாம்பு படுகையை விட்டு வெளியேற ஒரு நாள்கூட ஆகலாம். காலையில் சுண்ணாம்பைக் குறைத்துவிட்டு மதியம் "பலனில்லை" என்று பழையபடி ஏற்றிவிடுவது வழக்கமாக நடக்கும் தவறு.

ஒவ்வொரு நிலையிலும் ஆறு எண்களைச் சேர்த்தே குறியுங்கள்: ஆக்ஸிஜன், கார்பன் மோனாக்சைடு, நாக்ஸ், நைட்ரஸ் ஆக்சைடு, கந்தக டை ஆக்சைடு, சாம்பலில் எரியாத கரி. அம்மோனியா தெளிக்கத் தொடங்கியிருந்தால் தப்பும் அளவு ஏழாவது. கூடவே படுகையிலிருந்து ஒரு பிடி மாதிரி எடுத்து, தேதியும் நேரமும் எழுதி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வையுங்கள். இரண்டு மாதம் கழித்து நாக்ஸ் காரணமில்லாமல் ஏறும்போது, அன்றைய மாதிரியை இதன் பக்கத்தில் வைத்துக் கரியும் சுண்ணாம்பும் எவ்வளவு மாறியிருக்கின்றன என்று பார்க்கலாம்.